கொசு மருந்து அடிக்கும் மில்லிங் மெஷின்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்டுல அதை விட அதிகம். ஷெட்டுல நிஜமாவே ஆணி புடுங்கிட்டு இருந்தேன், அதனால மன்னிச்சு விட்ருங்க மக்கா :-)

கவிதை, சினிமா விமர்சனம்னு எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே அபீட் ஆயிக்கலாம். இது முழுக்க முழுக்க இரும்புப் பதிவு. வீட்டுல சின்ன லேத்தோ மில்லிங் மெஷினோ வச்சிருக்கிறவங்களும், வாங்கணும்னு மனசுக்குள்ள கணக்கு போட்டுட்டு இருக்கிறவங்களும் மட்டும் உட்காருங்க. வீட்டுக்காரர் இந்த ரெண்டுல ஒண்ணா இருந்தா நீங்களும் உட்காருங்க சகோதரி. உங்களுக்குத்தான் இது ரொம்ப முக்கியம்.

மேட்டர் இதுதான். வீட்டு ஷெட்டுல மெஷின் வச்சிருக்கிற ஆர்வக் கோளாறுங்க எல்லாரும் ஒரு கட்டத்துல போய் விழற பள்ளம் 'மிஸ்ட் கூலன்ட்'. கம்ப்ரசர் காத்தையும் கூலன்ட்டையும் ஒரு நாசில்ல கலந்து வெட்டுற இடத்துல புஸ்ஸுனு அடிக்கிற சமாச்சாரம். நானும் விழுந்தேன், எந்திரிச்சேன். இதுல என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன்: வீட்டு ஷெட்டுக்கு மிஸ்ட் கூலன்ட் கடைசி மருந்து, முதல் மருந்து இல்லை. போட்டே ஆகணும்னா மூடுபனி மாதிரி போடாதீங்க, தூறல் மாதிரி போடுங்க.

சின்னதா ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

கோயமுத்தூர்ல பொறந்து வளர்ந்தவனுக்கு லேத் சத்தம் தாலாட்டு மாதிரி. ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் ஒரு ஷட்டர், உள்ள ஒரு லேத், வாசல்ல ஒரு டிவிஎஸ் 50. அந்தப் பாசத்துல வீட்டுப் பின்னாடி 10க்கு 12 அடியில ஒரு ஷெட் போட்டு, மேஜை மேல வைக்கிற சைஸ்ல ஒரு மில்லிங் மெஷின் வாங்கினேன். அலுமினியத்துல பள்ளம் எடுக்க ஆரம்பிச்சதும் பிரச்சனையும் ஆரம்பிச்சது. அலுமினியம் ஒரு பிசின் மாதிரிங்க. சூடானா எண்ட் மில்லோட பல்லுல போய் ஒட்டிக்கும். வெட்டின சீவல் பள்ளத்தை விட்டு வெளிய வராது, பல்லு அதையே திரும்பத் திரும்ப மெல்லும். அப்புறம் 'டக்'னு ஒரு சத்தம். 6 மில்லிமீட்டர் எண்ட் மில் ஒண்ணு காலி. ஒரே மாசத்துல நாலு போச்சு. தங்கமணிக்கு ரெண்டுன்னு மட்டும்தான் தெரியும். இந்தப் பதிவை அவங்க படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்துல எழுதறேன்.

பெரிய ஒர்க் ஷாப்னா தண்ணியை ஆறா ஓட விடுவாங்க. நம்ம மெஷினுக்குக் கதவு கிடையாது, தொட்டி கிடையாது. தண்ணி ஓட விட்டா அது சட்டையில, சுவத்துல, மோட்டாரை ஓட்டுற எலக்ட்ரானிக் போர்டுல எல்லாம் போய் உட்காரும். அதனால மிஸ்ட்தான் வழின்னு முடிவு பண்ணி, ஆன்லைன்ல ஒரு மலிவான நாசில் செட் வாங்கி, ஒரு டப்பால கூலன்ட் ஊத்தி, கம்ப்ரசரை 60 பிஎஸ்ஐ வச்சுத் திறந்து விட்டேன்.

அடடா! அப்படி ஒரு வேலை. சீவல் எல்லாம் பறந்து போச்சு. பள்ளம் கண்ணாடி மாதிரி வந்துது. ரெண்டு வாரம் ராஜா மாதிரி வேலை பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்க தெருவுல லேத் வேலை பார்த்து ரிட்டையர் ஆன பெரியவர் ஒருத்தர் வந்தார். தெருவே அவரை மேஸ்திரின்னுதான் கூப்பிடும். ஷெட் வாசல்லயே நின்னுட்டார். மேற்கு ஜன்னல் வழியா வெயில் சாய்வா விழுந்துட்டு இருந்துது. அந்த வெயில் பட்டையில வெள்ளையா புகை மாதிரி சுத்திட்டு இருக்கிறதை நான் அப்பத்தான் பார்த்தேன்.

"ஏனுங் தம்பி, கார்ப்பரேசன்காரன் கொசு மருந்து அடிச்சுட்டுப் போயிட்டானுங்களா?"

"இல்லீங்க மேஸ்திரி, இது கூலன்ட்டுங்க."

"கூலன்ட்டுன்னா ஜாப் மேல உளுகோணுமுங். இது உங்க நெஞ்சுக்குள்ளயல்ல போகுது."

சொல்லிட்டுப் போயிட்டார். நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். மறுநாள் பாப்பா அவ கண்ணாடியைக் கொண்டு வந்து, "அப்பா, எத்தன வாட்டி தொடைச்சாலும் போக மாட்டேங்குது"ன்னு நீட்டினா. ஷெட்டுக்கும் அவ படிக்கிற ரூமுக்கும் நடுவுல ஒரே ஒரு ஜன்னல்தான். கண்ணாடியை அந்த ஜன்னல் திண்டுல வைக்கிறது அவ வழக்கம். விரலால தொட்டுப் பார்த்தேன். வழுவழுன்னு எண்ணெய். மோந்து பார்த்தா நம்ம கூலன்ட் வாசம்.

சிரிப்பு அங்க நின்னுது. கண்ணாடி மேல படிஞ்சது கண்ணுக்குத் தெரிஞ்சுது. ரெண்டு வாரமா அவ மூச்சுல போனது?

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க.

காத்துல ஒரு துளி எவ்வளவு நேரம் மிதக்கும்ங்கிறது அதோட சைஸைப் பொறுத்தது. 100 மைக்ரான் துளி (கிட்டத்தட்ட ஒரு தலைமுடி தடிமன்) ஒரு மீட்டர் உயரத்துல இருந்து நாலஞ்சு செகண்டுல கீழ விழுந்துடும். 10 மைக்ரான் துளிக்கு அசையாத காத்துல அஞ்சரை நிமிஷம் ஆகும். 1 மைக்ரான்னா எட்டு மணி நேரம்! ராத்திரி மெஷினை நிறுத்திட்டுத் தூங்கப் போனா காலையிலயும் அது அங்கயே இருக்கும். இதுல இன்னொரு வில்லங்கம் இருக்கு. கூலன்ட்டுல 95 பங்கு தண்ணி, 5 பங்குதான் எண்ணெய். பொடித் துளியில இருக்கிற தண்ணி பறந்த கையோட ஆவியாயிடும். 10 மைக்ரானா கிளம்பினது நாலு மைக்ரானுக்கும் கீழ சுருங்கி வெறும் எண்ணெய்த் துளியா மிதக்கும். இது கீழ விழ 40 நிமிஷம் ஆகும். இந்த சைஸ்தான் மூக்கு முடியையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலோட அடி வரைக்கும் போற சைஸ்.

அளவு என்னன்னு பார்ப்போம். அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு நையோஷ், உலோக வேலைத் திரவங்களுக்கு 1998ல பரிந்துரைச்ச வரம்பு ஒரு கன மீட்டர் காத்துக்கு 0.5 மில்லிகிராம். (அந்த நாட்டுச் சட்டம் கனிம எண்ணெய்ப் புகைக்கு விதிச்ச வரம்பு 5 மில்லிகிராம். அதை விட இது பத்து மடங்கு கறார்.) என் ஷெட் சுமாரா 30 கன மீட்டர். ஒரு சாயங்காலத்துக்கு 100 மில்லி கூலன்ட் அடிக்கிறேன்னு வைங்க. அதுல 5 மில்லி எண்ணெய், அதாவது சுமாரா 4500 மில்லிகிராம். அதுல நூத்துல ஒரு பங்கு மட்டும் காத்துல தங்கினாக் கூட 45 மில்லிகிராம். 30ஆல வகுத்தா கன மீட்டருக்கு 1.5 மில்லிகிராம். வரம்பை விட மூணு மடங்கு. நூத்துல ஒரு பங்குங்கிறது நான் வச்சுக்கிட்ட கணக்குதான். 60 பிஎஸ்ஐல அந்த மலிவு நாசில் அடிச்ச கொசு மருந்துக்கு அது ரொம்பக் கஞ்சத்தனமான கணக்குன்னு நினைக்கிறேன்.

"எங்க தாத்தா 40 வருஷம் லேத்துல நின்னார், கல்லு மாதிரி இருந்தார்"னு ஒரு அண்ணாச்சி கட்டாயம் கிளம்பி வருவார். அண்ணாச்சி, உங்க தாத்தா பிரஷ்ல தொட்டு வச்சார், இல்ல டப்பாவுல இருந்து சொட்ட விட்டார். புகையா அடிக்கலை. 2003-04ல இங்கிலாந்துல பர்மிங்காம் பக்கத்துல லாங்பிரிட்ஜ்ல ஒரு கார் இன்ஜின் தொழிற்சாலையில எண்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளிகளுக்கு ஆஸ்துமாவும் நுரையீரல் அழற்சியும் வந்துது. காரணம் இந்த மாதிரி உலோக வேலைத் திரவத்தோட மூடுபனிதான். அதுவும் பாக்டீரியா வளர்ந்து கெட்டுப் போன திரவம். கூலன்ட்ல எண்ணெய் மட்டும் இல்லீங்க, நாள்பட்டா அது ஒரு கிருமிப் பண்ணை. ஞாயித்துக்கிழமை லீவு விட்டுத் திங்கக்கிழமை ஷட்டர் தூக்கினதும் அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அதேதான்.

அப்ப மிஸ்ட்டே வேண்டாமா? அவசரப்படாதீங்க. எனக்கு எண்ட் மில்லும் முக்கியம் :-)

முதல்ல, கூலன்ட் தேவையே இல்லாத வேலைங்க:

1. வார்ப்பிரும்பு. இதை உலர்வாத்தான் வெட்டணும். தண்ணி பட்டா கருப்புச் சேறாகி மெஷினோட சறுக்குப் பாதைக்குள்ள போய் உட்காரும்.

2. பித்தளை. சீவல் தானா உதிரும். சும்மா வெட்டுங்க.

3. கார்பைட் டூல் போட்டு இரும்பு மில்லிங். இதுக்கு அரைகுறையாக் கூலன்ட் அடிக்கிறதுதான் கெடுதல். பல்லு உள்ள போகும்போது கொதிக்குது, வெளிய வரும்போது குளிருது. இந்தச் சூடு-குளிர் அடியில கார்பைட் விரிசல் விடும். வெறும் காத்து அடிச்சுச் சீவலைத் தள்ளினாப் போதும்.

4. துளை போடறது, டேப் போடறது. பிரஷ்ஷும் ரெண்டு சொட்டு கட்டிங் ஆயிலும் போதும்.

இதெல்லாம் போக மிச்சம் இருக்கிறது அலுமினியத்துல ஆழமான பள்ளம், ஹெச்எஸ்எஸ் டூல்ல நீள வெட்டு, இப்படிக் கொஞ்சம்தான். என் ஷெட்டுல பத்து வேலையில ரெண்டு. அந்த ரெண்டுக்காகத்தான் மறுபடி ஒரு செட்டப் போட்டேன்.

முதல் செட்டப்பை ஏன் தூக்கி எறிஞ்சேன்? அதுல காத்தும் திரவமும் நாசிலுக்கு உள்ளயே கலந்து, அதிக அழுத்தத்துல பொடிப்பொடியா சிதறி வெளிய வருது. நமக்கு அது வேண்டாம். சொட்டு பெருசா, ஈரமா, நேரா ஜாப் மேல விழணும். அதுக்கு ரெண்டு விஷயம்: அழுத்தத்தைக் குறை, கலக்கிறதை வெளிய வை.

இப்ப என் செட்டப் இதுதான். வெளிக்குழாய் 6 மில்லிமீட்டர், அதுல காத்து. அதுக்குள்ள 2 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய், அதுல கூலன்ட். உள்குழாயோட நுனி வெளிக்குழாயோட வாயை விட ஒரு மில்லிமீட்டர் வெளிய நீட்டிட்டு இருக்கும். ரெண்டும் சந்திக்கிறது வெளியதான். கம்ப்ரசர்ல இருந்து வர்ற லைன்ல தண்ணி பிரிக்கிற ஃபில்டரோட ஒரு ரெகுலேட்டர், 10 பிஎஸ்ஐ. அதிகபட்சம் 15. அழுத்தம் குறைஞ்சதுல கம்ப்ரசரும் மூச்சு வாங்காம ஓடுது. பக்கத்து வீட்டு அக்காவும் முன்ன மாதிரி முறைக்கிறதில்லை.

கூலன்ட்டை எப்படி அனுப்பறது? இங்கதான் நம்ம மூளை. மெடிக்கல் ஷாப்ல குளுக்கோஸ் ஏத்துற டியூப் செட் ஒண்ணு வாங்கினேன் (புதுசுதாங்க, பயப்படாதீங்க). மெஷினுக்கு மேல ஒரு பாட்டிலைத் தொங்க விட்டு, அந்த டியூப்பை உள்குழாயில சொருகியாச்சு. சக்கரத்தை உருட்டினா சொட்டு கூடும் குறையும். எத்தனை சொட்டுன்னு கண்ணால எண்ணலாம். 20 சொட்டு ஒரு மில்லிங்கிற கணக்குல, நிமிஷத்துக்கு 40 சொட்டுன்னா 2 மில்லி, மணிக்கு 120 மில்லி. பெரும்பாலும் 20 சொட்டுலயே வேலை முடிஞ்சுடுது. எண்ணெய் பட்டு டியூப் கொஞ்ச நாள்ல விறைச்சுப் போகும், மாத்திடுங்க. ஆரம்பிக்கும்போது முதல்ல காத்து, அப்புறம் சொட்டு. நிறுத்தும்போது முதல்ல சொட்டு, அப்புறம் காத்து. மாத்திச் செஞ்சா மேஜை குளிக்கும்.

இத்தனூண்டு தண்ணி எப்படிக் குளிர வைக்கும்னு கேட்டா, அது ஆவியாகிற வித்தை. ஒரு லிட்டர் தண்ணியை 30 டிகிரியில இருந்து 40க்கு சூடாக்க 42 கிலோஜூல் போதும். ஆனா ஒரு லிட்டரை ஆவியாக்க 2260 கிலோஜூல் வேணும். சூடான பல்லு மேல விழற ஒவ்வொரு சொட்டும் அந்த அளவுக்கு வெப்பத்தை எடுத்துட்டுப் போகும். காத்துல மிதக்கிற சொட்டு இதுல ஒண்ணும் செய்யாது, நம்ம நெஞ்சுக்குத்தான் போகும். அதனால புகை அதிகமா இருந்தா வேலை நல்லா நடக்குதுன்னு அர்த்தம் இல்லை. கூலன்ட் வீணாகுதுன்னு அர்த்தம்.

சரியா செட் ஆச்சான்னு பார்க்க ரெண்டு பரீட்சை. கறுப்பு சார்ட் பேப்பரை நாசிலுக்கு ஒரு அடி தள்ளிப் பிடிங்க. தனித்தனிப் புள்ளியா விழணும். அப்புறம் லைட்டை அணைச்சுட்டு, நாசிலுக்குக் குறுக்கால டார்ச் அடிங்க. தியேட்டர் புரொஜக்டர் வெளிச்சம் மாதிரி பட்டையாத் தெரிஞ்சா அழுத்தம் இன்னும் ஜாஸ்தி. குறைங்க. மேஸ்திரிக்கு வெயில் காட்டினதை நமக்கு டார்ச் காட்டும்.

கலவை விஷயத்துல மூணு வார்த்தை. தண்ணியில எண்ணெயை ஊத்துங்க, எண்ணெய்ல தண்ணியை ஊத்தாதீங்க, திரிஞ்சுடும். 20 பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு சொல்யூபிள் ஆயில் போதும். போர் தண்ணி வேண்டாம். உப்புத் தண்ணியில மேல ஆடை மாதிரிக் கசடு மிதந்து அந்த 2 மில்லிமீட்டர் குழாயை அடைச்சுக்கும். எங்க ஊர்க்காரங்களுக்கு சிறுவாணித் தண்ணி இருக்கு, மத்தவங்க வடிகட்டின தண்ணி. அன்னன்னிக்குத் தேவையானதை மட்டும் கலந்து, மிச்சத்தைப் பாட்டில்ல வச்சுப் பூட்டாம, கழுவிக் காய வச்சிடுங்க. சுத்தி வர்ற தொட்டி இல்லாததுதான் இந்த முறையோட பெரிய நல்ல குணம். அதைக் கெடுத்துக்காதீங்க.

இனி செய்யவே கூடாதது.

ஒண்ணு, மண்ணெண்ணெய். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் தொட்டு வெட்டறது நம்ம ஊர் ஒர்க் ஷாப் பழக்கம், பிரஷ்ல தொடற வரைக்கும் சரி. அதைக் காத்துல அடிச்சீங்கன்னா அது கூலன்ட் இல்லை, தீப்பந்தம். சாதாரணமாப் பத்திக்காத எண்ணெய் கூடப் பொடித் துளியா மாறினா ஒரு பொறியில பத்திக்கும். பக்கத்துல கிரைண்டர் ஓடிட்டு இருந்தா நினைச்சுப் பாருங்க.

ரெண்டு, கூல்டிரிங்ஸ் பாட்டில்லயும் பிவிசி பைப்லயும் காத்தை ஏத்தித் தொட்டியாப் பயன்படுத்தறது. வீடியோவுல நிறைய பேர் செய்யறாங்க. பிவிசி வெடிச்சா சில்லு சில்லா, கத்தி மாதிரிப் பறக்கும். தொங்க விட்ட பாட்டிலுக்கு அழுத்தமே வேண்டாம்ங்கிறதாலதான் நான் அந்த வழிக்குப் போனேன்.

மூணு, 2020ல கொரோனாவுக்கு வாங்கி மிச்சமான என்95 மாஸ்க்கை நம்பறது. அந்த 'என்'னுக்கு அர்த்தமே எண்ணெய்த் துளியைத் தாங்காதுங்கிறதுதான். எண்ணெய்க்கு 'பி' வரிசை, பி100 மாதிரி ஃபில்டர் வேணும். ஆனா மாஸ்க் போட்டிருக்கிறது நீங்க மட்டும்தான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கணக்குப் போடற புள்ள போடலை.

அதனால மெஷினுக்குப் பின்னாடி 12 இஞ்ச் எக்சாஸ்ட் ஃபேன் ஒண்ணு வச்சு, வெறும் இடத்தைப் பார்த்துத் திருப்பி விட்டிருக்கேன். வேலை முடிஞ்சும் அரை மணி நேரம் ஓட விடறேன். பாப்பா ரூம் ஜன்னலுக்குக் கண்ணாடிக் கதவு போட்டாச்சு. அது போதலைன்னு, ஒரு பழைய மூக்குக் கண்ணாடியை அதே திண்டுல நிரந்தரமா வச்சிருக்கேன். வாரா வாரம் விரலால தொட்டுப் பார்க்கறேன். இப்ப ஆறு மாசமா வெறும் தூசிதான். அது வழுக்குற அன்னிக்கு மொத்தச் செட்டப்பும் குப்பைக்குப் போகும்.

நம்ம ஆளுங்க கிட்ட எனக்கு இருக்கிற ஒரே ஆதங்கம் இதுதான். டூல் ஆயுளைப் பத்திப் பக்கம் பக்கமாப் பேசறோம். எந்த நாசில், எந்த பிராண்ட், எவ்வளவு ஆர்பிஎம்னு சண்டையே போடறோம். அந்தப் புகை எங்க போகுதுன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. தொழிற்சாலையில வேலை பார்க்கிறவனுக்காவது கேள்வி கேக்க ஒரு சட்டம், ஒரு இன்ஸ்பெக்டர் உண்டு. வீட்டு ஷெட்டுக்கு முதலாளியும் நாமதான், தொழிலாளியும் நாமதான், இன்ஸ்பெக்டரும் நாமதான். பக்கத்து ரூம்ல இருக்கிறவங்க நம்மள நம்பி மூச்சு விட்டுட்டு இருக்காங்க. எண்ட் மில் உடைஞ்சா முன்னூறு ரூபாயோ நானூறு ரூபாயோ கொடுத்தா வேற வாங்கிக்கலாம்.

மேஸ்திரி போன வாரம் மறுபடி வந்தார். மெஷின் ஓடிட்டு இருந்துது. ரொம்ப நேரம் நின்னு பார்த்துட்டு, கையை நாசிலுக்கு முன்னாடி நீட்டி, உள்ளங்கையில விழுந்த சொட்டைத் தேய்ச்சுப் பார்த்தார்.

"இப்ப செரீங் தம்பி. மழை வாற மாதிரி வருது"ன்னார்.

ஐஎஸ்ஓ சர்டிபிகேட் கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்திருக்காது :-)

டிஸ்கி 1: ஷெட்டுல வேலை பார்க்கும்போது மட்டும் இருமல் வருது, லீவு நாள்ல வரலைன்னா அதைச் சளின்னு ஒதுக்காம டாக்டர் கிட்ட போங்க. என்ன திரவம் அடிக்கிறீங்கன்னும் அவர்கிட்ட சொல்லுங்க.

டிஸ்கி 2: இதை விட நல்ல செட்டப் வச்சிருக்கிறவங்க வந்து சொல்லுங்க, கத்துக்கறேன். எண்ட் மில் எத்தனைன்னு மட்டும் யாரும் எங்க வீட்டுல போட்டுக் கொடுத்துடாதீங்க.